கத்தி தீட்டும் கை வண்டியையும் பார்க்கட்டும்

(பட்டர்வொர்த்தில் கூடிய தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில், தோட்டக் கிராணியும் சங்க ஊழியருமான ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



சங்க மேடையில் ஏறினால் சம்பளம், வீடு, வைத்தியம் என்று பேசுவதே நம் வழக்கம். இன்று நாம் பேச எடுத்துக் கொண்ட பொருள் மோட்டார் சைக்கிள். "இதென்ன, பட்டறைக்காரன் பேச வேண்டிய பேச்சை கிராணி பேசுகிறாரே!" என்று சிலர் சிரிக்கலாம். பேசி முடித்த பிறகு சிரிப்பு வந்தால் நாமும் உங்களோடு சேர்ந்து சிரிக்கிறோம்.

இந்தப் பட்டர்வொர்த் படகுத் துறையைப் பாருங்கள். ஒரு காலத்தில் காரும் ஏறிச் சென்ற பினாங்குப் படகில் 2021-ஆம் ஆண்டு முதல் கார் ஏறுவதில்லை. நடந்து வருகிறவரும், சைக்கிளும், மோட்டார் சைக்கிளும்தான் ஏறலாம். கார்க்காரர் பாலத்தைச் சுற்றிப் போகட்டும், நம் இரண்டு சக்கரத்துக்கு இன்னும் படகில் இடம் இருக்கிறது. தோட்டத்திலும் அப்படியே. லாரி போகாத மண் பாதையிலும், கான் மேல் போட்ட ஒற்றைப் பலகையிலும், நிரைக்கு நிரை ஏறி இறங்கும் மேட்டிலும் போகக் கூடியது நம் சிறிய டூ-ஸ்ட்ரோக் வண்டி ஒன்றுதான்.

விடியுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறிவிட்டால் மரம் பாலை இறுக்கிக் கொள்ளும். இது உங்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்படிப்பட்ட விடியற்காலையில், தலையில் விளக்கைக் கட்டிக் கொண்டு, வண்டியை உதைக்கிறோம். ஒன்று, இரண்டு, பத்து, இருபது உதை. வண்டி கிளம்பவில்லை. அண்டை வீட்டாரைக் கேட்கிறோம், அவர் முன்பே போய்விட்டார். பிரட்டு முடிகிறது, வெட்டு போகிறது. 2025 பிப்ரவரியில் வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. வாரம் ஆறு நாள் வேலைக்கு ஒரு நாள் கணக்கு 65 வெள்ளி 38 காசு. கரி பிடித்த ஒரு பிளக்குக்காக ஒரு நாள் கூலியை இழக்கிறோம் என்றால், அந்த வீட்டில் எத்தனை செலவு நின்று போகும்! பிறகு அதே வண்டியைத் தள்ளிக் கொண்டு பட்டறைக்குப் போய், அவர் சொன்னதைக் கேட்டு, கேட்டதைக் கொடுத்துவிட்டு வருகிறோம். என்ன பழுது என்று நமக்குத் தெரியாது. தெரியாதவன் பேரம் பேச முடியுமா?

வண்டியோடு வரும் கையேடு நம் தமிழில் இருப்பதில்லை. தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்த நம்மில் பலர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்தவர்களே. ஆகையால் நம் மொழியில், நம் வேலைக்கு ஏற்றபடி, நாமே அதைப் பேசிக் கொள்வோம்.

முதலில் இந்த எஞ்சின் எப்படி ஓடுகிறது என்று பார்ப்போம். நான்கு வீச்சு எஞ்சினில் பிஸ்டன் இரண்டு முறை மேலே, இரண்டு முறை கீழே போய் வந்தால்தான் ஒரு வெடிப்பு. ஹோண்டா கப் அந்த வகை. டூ-ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் ஒரு முறை மேலே, ஒரு முறை கீழே போனாலே ஒரு வெடிப்பு. பிஸ்டன் மேலே ஏறும்போது அதன் அடியில் உள்ள அறை, கார்புரேட்டரிலிருந்து பெட்ரோல் கலந்த காற்றை உறிஞ்சுகிறது. மேலே முன்பே சேர்ந்திருக்கும் காற்று நசுங்குகிறது. பிளக் பொறி விடுகிறது, வெடிக்கிறது. பிஸ்டன் கீழே வரும்போது எரிந்த புகை ஒரு துவாரம் வழியாக வெளியே போகிறது. அடியில் இருந்த புதுக் காற்று மற்றொரு துவாரம் வழியாக மேலே வருகிறது. நான்கு வீச்சு எஞ்சினில் இருப்பது போன்ற வால்வு இதற்குக் கிடையாது, துவாரங்களுக்குப் பிஸ்டனே கதவு. ஆதலால் எஞ்சின் சிறியது, எடை குறைவு, இழுப்பு அதிகம்.

இங்கிலாந்தில் ஜோசப் டே என்பவர் 1890-களின் தொடக்கத்தில் இந்த அமைப்பைக் காட்டினார். ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ. ஆர்.டி.125 என்ற வண்டியைப் பார்த்து, போருக்குப் பின் இங்கிலாந்தில் பி.எஸ்.ஏ. பாண்டம் வந்தது. 1955-ல் ஜப்பானில் யமஹாவின் முதல் வண்டியும் அதைப் பார்த்துச் செய்யப்பட்டதே. 1968-ல் யமஹா டி.டி.1 என்ற காட்டுப் பாதை வண்டி விற்பனைக்கு வந்தது. அகலமான கைப்பிடி, உயர்ந்த புகைக் குழாய், கட்டைப் பல் டயர் கொண்ட அந்த வகையின் தம்பிகள்தான் பிறகு 100, 125 சி.சி. வண்டிகளாகக் காட்டு வேலைக்கு வந்தவை. தமிழ்நாட்டில் ஓசூரிலிருந்து 1980-ல் வந்து பட்டிதொட்டியெல்லாம் மூட்டை சுமந்த டி.வி.எஸ். 50-ம் இந்த டூ-ஸ்ட்ரோக் குடும்பம்தான். இன்று நம்மிடம் இருப்பவை பெரும்பாலும் பழைய வண்டிகள், அப்பா ஓட்டி மகனுக்கு வந்தவை. பழையதைக் காப்பாற்றத் தெரிந்தவனுக்குத்தான் அவை உழைக்கும்.

தோழர்களே, இந்த எஞ்சினின் உயிர் எண்ணெயில் இருக்கிறது. நான்கு வீச்சு எஞ்சினுக்கு அடியில் எண்ணெய்க் குளம் உண்டு. டூ-ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. பெட்ரோலோடு கலந்து வருகிற எண்ணெய்தான் பிஸ்டனையும் பேரிங்கையும் நனைக்க வேண்டும். கியர்ப் பெட்டியில் ஊற்றும் எண்ணெய் வேறு, அது பிஸ்டனுக்குப் போய்ச் சேராது. 1964-ல் யமஹா, எண்ணெயைத் தனித் தொட்டியில் வைத்து ஒரு சிறு பம்பு மூலம் அளவாக அனுப்பும் முறையைக் கொண்டு வந்தது. அந்தப் பம்பு இருந்தால் தொட்டியில் எண்ணெய் இருக்கிறதா என்று காலையில் பார்த்தால் போதும். பம்பு இல்லாவிட்டால் கையால் கலக்க வேண்டும். 25-க்கு 1 என்றால் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி. 50-க்கு 1 என்றால் 20 மில்லி. உங்கள் வண்டிக்கு எது என்று தயாரித்தவர் சொன்னதைக் கேட்டு நடங்கள்.

இதில் நம் குடும்பம் பட்ட அடியைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. நம் வண்டியில் எண்ணெய்ப் பம்பு பழுதாகி விட்டது. "மாற்றுவானேன், கையால் கலந்து கொள்வோம்" என்று பம்பைக் கழற்றி வைத்தோம். நமக்கு அது நினைவில் இருந்தது. தம்பிக்குச் சொல்ல மறந்து போனோம். பிறையில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் தம்பி, ஒரு நாள் காலை வழியில் வெறும் பெட்ரோலை நிரப்பிக் கொண்டு போனான். கொஞ்ச தூரத்தில் பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரைப் பிடித்துக் கொண்டது. பின் சக்கரம் அப்படியே நின்றது. பின்னால் லாரி. சாலை ஓரத்துப் புல்லில் விழுந்ததால் உயிர் தப்பினான், கை முறிந்தது. அவன் மேல் குற்றம் இல்லை. பம்பைக் கழற்றிய கை நம்முடையது. அன்று முதல் நம் வண்டியின் பெட்ரோல் மூடியில் "எண்ணெய் கலக்கவும்" என்று பெயிண்டால் எழுதி வைத்திருக்கிறோம். பம்பு இல்லாத வண்டி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இன்று வீட்டுக்குப் போனதும் அப்படி எழுத வேண்டுகிறோம்.

எஞ்சின் திடீரென்று மூச்சு முட்டுகிறது போல் மெலிந்து, 'கிறீச்' என்று சத்தம் கேட்டால், உடனே கிளட்சைப் பிடியுங்கள். சக்கரம் சுழலும், ஓரம் கட்டலாம். சூட்டோடு சூடாகத் தண்ணீர் ஊற்றாதீர்கள், இரும்பு வெடிக்கும். பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஓட்டுகிறவர்கள் நீண்ட இறக்கத்தில் முறுக்கை முழுதும் மூடிக் கொண்டே போகாதீர்கள். பெட்ரோல் நின்றால் எண்ணெயும் நின்றுவிடும். இடையிடையே சிறிது முறுக்கி விடுங்கள்.

எண்ணெய் வாங்கும்போது டப்பாவைப் பாருங்கள். 'ஜாசோ' என்ற ஜப்பானிய முத்திரையும், எஃப்.சி. அல்லது எஃப்.டி. என்ற எழுத்தும் இருந்தால் நல்லது. புகையும் கரியும் குறையும். கடற்கரையில் படகு மோட்டாருக்கு விற்கும் எண்ணெய் தண்ணீரால் குளிரும் எஞ்சினுக்கு ஆனது. காற்றால் குளிரும் நம் எஞ்சினின் சூட்டுக்கு அது ஏற்றதல்ல. அதிகம் ஊற்றினால் அதிக நன்மை என்றும் நினைக்க வேண்டாம். பிளக் நனையும், கரி கட்டும்.

இனி, வண்டி கிளம்பாத காலையில் என்ன செய்வது? மூன்றே கேள்வி: பொறி வருகிறதா? பெட்ரோல் வருகிறதா? காற்று ஒழுங்காகப் போகிறதா? இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

பிளக்கைக் கழற்றுங்கள். அதன் மூக்கைப் பாருங்கள். வைத்தியர் நாக்கைப் பார்ப்பது போல அது எஞ்சினின் நாக்கு. காப்பிப் பொடி நிறமாக இருந்தால் உடம்பு சுகம். கறுத்து நனைந்திருந்தால் எண்ணெயோ பெட்ரோலோ அதிகம். கறுத்துக் காய்ந்து கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், அல்லது காற்று வடிகட்டி அடைத்திருக்கிறது. வெளுத்து வெந்திருந்தால் அதுதான் ஆபத்து: பெட்ரோல் குறைவு, எங்கோ கள்ளக் காற்று நுழைகிறது, பிஸ்டன் பிடிக்கும் நாள் தூரத்தில் இல்லை. நிரைக்குள் மெதுவாக நின்று நின்று ஓடும் நம் வண்டிகளில் பிளக் நனைவது சகஜம். கம்பித் தூரிகையால் துடைத்து, 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர் இடைவெளி வைத்து, மூடியில் பொருத்தி, பிளக்கின் உடம்பு எஞ்சின் இரும்பில் படும்படி பிடித்து உதையுங்கள். நீலப் பொறி தெரிய வேண்டும். பிளக் துவாரத்துக்குப் பக்கத்தில் பிடிக்காதீர்கள், அங்கிருந்து பெட்ரோல் ஆவி வரும், தீப்பிடிக்கும். சட்டைப் பையில் மாற்றுப் பிளக் ஒன்று எப்போதும் இருக்கட்டும். பொறி வராவிட்டால், பழைய வண்டிகளில் சக்கரத்துக்குள் இருக்கும் பாயிண்ட்டைப் பாருங்கள். 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர் திறக்க வேண்டும். கருகியிருந்தால் மெல்லிய அரத்தால் தேயுங்கள்.

பொறி நன்றாக இருந்தால் அடுத்தது பெட்ரோல். குழாயைக் கழற்றிப் பார்த்தால் ஓடுகிறதா என்று தெரியும். மழைக்காலத்தில் கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தில் தண்ணீர் தங்கும். அடித் திருகைத் திறந்து வடித்து விடுங்கள். பாதி நோய் அதிலேயே தீரும்.

மூன்றாவது காற்று. இங்கேதான் நம் தொழிலுக்கென்று சில நோய்கள் உண்டு. எந்தக் கையேட்டிலும் இவற்றை நாம் கண்டதில்லை. செம்மண் புழுதி வடிகட்டியை அடைக்கும். பஞ்சு வடிகட்டியை மண்ணெண்ணெயில் அலசி, பிழிந்து, உலர்த்தி, கொஞ்சம் எண்ணெய் தடவிப் பிழிந்து மாட்டுங்கள். வடிகட்டி இல்லாமல் ஓட்டினால் சத்தம் கம்பீரமாக இருக்கும், சிலிண்டர் அரைத்துப் போகும். வாளியிலிருந்து தளும்பும் பால் எஞ்சினின் செதில்களில் விழுந்து வெந்து ஒட்டிக் கொள்ளும். செதில்களுக்கு நடுவே காற்று புகாவிட்டால் எஞ்சின் எப்படிக் குளிரும்? வாரத்துக்கு ஒரு முறை மரக் குச்சியால் நோண்டி எடுங்கள். பால் கட்டாமலிருக்க நாம் கொண்டு போகும் அமோனியா, பித்தளையையும் செம்பையும் அரிக்கும். கார்புரேட்டருக்குள் இருக்கும் ஜெட்டுகள் பித்தளை, மின்சாரக் கம்பிகள் செம்பு. அமோனியாப் புட்டியை எஞ்சினுக்கு மேலே கட்டித் தொங்க விடாமல் பின்னால் தனியாக வையுங்கள். பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலம் செயினில் சிந்தினால் துருவேறும். உடனே தண்ணீர் விட்டுக் கழுவி எண்ணெய் விடுங்கள்.

வண்டி வரவர இழுப்புக் குறைந்து, மேடு ஏறத் திணறினால், பெரும்பாலும் கரிதான் காரணம். புகைத் துவாரத்திலும் சைலென்சரின் உள் குழாயிலும் கரி கட்டி மூச்சை அடைக்கிறது. 3,000 முதல் 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை சிலிண்டர் தலையைக் கழற்றி, பிஸ்டன் தலையிலும் துவாரத்திலும் உள்ள கரியை மர ஆப்பால் சுரண்டுங்கள். இரும்பு உளி வேண்டாம், அலுமினியம் கீறிவிடும். சைலென்சர் உள் குழாயைத் தீயில் வாட்டித் தட்டினால் கரி உதிரும். வெண்புகை கக்கி, கியர் எண்ணெய் குறைந்து கொண்டே போனால் எஞ்சினின் கிளட்ச் பக்கத்து சீல் போய்விட்டது. அதற்குப் பட்டறைக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் "சீல் மாற்று" என்று சொல்லிக் கொண்டு போகிறவனுக்கும், "என்னவோ பார்" என்று சொல்லிக் கொண்டு போகிறவனுக்கும் பில்லில் வித்தியாசம் உண்டு!

இனி டியூனிங். இளைஞர்கள் நிமிர்ந்து உட்காருவது தெரிகிறது! கார்புரேட்டர் சரிசெய்வது எளிது. எஞ்சினைச் சூடாக்குங்கள். காற்றுத் திருகை மெதுவாக முழுதும் உள்ளே திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். அங்கிருந்து கொஞ்சம் இப்படியும் அப்படியும் திருப்பி, எஞ்சின் எங்கே வேகமாக, சீராக ஓடுகிறதோ அங்கே விடுங்கள். பிறகு மற்றத் திருகால் வேகத்தைக் குறையுங்கள். நடு முறுக்கில் திணறினால் உள்ளே இருக்கும் ஊசியின் கிளிப்பைப் பாருங்கள். கிளிப்பை ஒரு படி கீழே போட்டால் ஊசி உயரும், பெட்ரோல் கூடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதைக் குறித்து வையுங்கள்.

ஆனால் தம்பிமார்களே, சிலிண்டர் துவாரத்தை அரத்தால் அறுத்து, தலையைச் செதுக்கி, சைலென்சரைக் குடைந்து, "வண்டி பறக்கிறது" என்று பெருமை கொள்கிறீர்களே, அதைப் பற்றி ஒரு வார்த்தை. ரப்பர் மரம் இந்நாட்டுக்கு வந்த தொடக்கத்தில் அதைக் கண்டபடி கொத்தினால் மரம் செத்துவிடும் நிலை இருந்தது. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் 1888-ல் பொறுப்பேற்ற ரிட்லி என்பவர், பட்டையை மெல்லியதாகச் சீவி மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் வழியைக் காட்டினார். இன்றும் நாம் அப்படித்தான் சீவுகிறோம். ஆழமாக வெட்டினால் இன்றைக்குப் பால் கூடும். நாளைக்குப் பட்டை புண்ணாகி, அந்த மரம் முண்டு விட்டுப் போகும். எஞ்சினும் அதே மரந்தான், அண்ணே! அறுத்த சிலிண்டர் மேல் வேகத்தில் பறக்கும். பால் டின்னோடு மேடேறச் சொன்னால் இழுக்காது, சூடேறிப் பிஸ்டன் போகும். தவிர, சைலென்சர் சத்தத்துக்கு 1987-ஆம் ஆண்டு முதல் சட்டம் இருக்கிறது. அபராதம் கட்டுவது உங்கள் அம்மாவின் கைக்காசு.

நம் வேலைக்கு டியூனிங் வேண்டுமென்றால் பல்சக்கரத்தை மாற்றுங்கள். முன்னால் 15 பல், பின்னால் 45 பல் இருந்தால் விகிதம் 3. முன்னால் 14 பல் போட்டால் 3.2-க்கு மேல் ஆகும். இழுப்பு ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு கூடும், வேகம் அவ்வளவே குறையும். எஞ்சினைத் தொடாமலே மேடு ஏறலாம்.

கடைசியாக பிரேக். செயின் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் தொய்வாக இருந்து, பிரேக் மிதி கொஞ்சம் அழுத்தியதுமே பிடிக்க வேண்டும். பழைய பிரேக் கட்டையின் தூசியை வாயால் ஊதாதீர்கள். அதில் கல்நார் இருக்கக்கூடும், நுரையீரலுக்கு நஞ்சு. மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓட விட்டுக் கொண்டு நிற்காதீர்கள், அந்தப் புகையும் நஞ்சே.

நம் தம்பியின் கதைக்குத் திரும்புவோம். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழக்கமான வழியில் விழுந்ததால், 1969-ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி அவனுக்குச் சொக்சோ உதவி கிடைத்தது. இது எத்தனை பேருக்குத் தெரியும்? வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ விபத்து நேர்ந்தால் அது வேலை விபத்தே. போலீஸ் ரிப்போர்ட், மருத்துவச் சீட்டு இரண்டையும் பத்திரப்படுத்துங்கள். முதலாளி 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். நம்மோடு வெட்டும் வெளிநாட்டுத் தோழர்களுக்கும் 2019 முதல் சொக்சோ உண்டு, அவர்களுக்கும் சொல்லுங்கள். ஆனால் முறிந்த கைக்குப் பணம் வந்தது, முறியாத கை வரவில்லை. இன்னும் அவன் கனத்த பொருளைத் தூக்கும்போது முகம் சுளிக்கிறான். நாம் பார்த்துக் கொண்டிருக்கிறோம்.

ஆகவே, ஒவ்வொரு தோட்டக் கிளையும் செய்ய வேண்டியது மூன்று. ஒன்று: பொதுப் பணத்தில் ஒரு கருவிப் பெட்டி. பிளக் ஸ்பேனர், இடைவெளி அளக்கும் தகடு, அரம், மில்லி அளவுக் குவளை, சில மாற்றுப் பிளக்குகள். இரண்டு: மாதத்தில் ஒரு ஞாயிறு காலை எல்லா வண்டியும் ஒரே மரத்தடியில். தெரிந்தவர் தெரியாதவருக்குக் காட்டட்டும். பெண்கள் பின்னால் நின்று பார்க்க வேண்டியதில்லை. விடியலில் தனியாக ஓட்டிச் செல்கிற தாய்மாருக்குத்தான் இது முதலில் தெரிய வேண்டும். மூன்று: கிராணிமார்களே, இது நமக்கு. பால் எடை எழுதுகிற நாம், வண்டிக்கொரு பக்கம் போட்டு, பிளக் மாற்றிய நாள், கரி எடுத்த நாள், பட்டறைக்குக் கொடுத்த காசு எல்லாவற்றையும் எழுதி வைப்போம். யாரிடம் எவ்வளவு வாங்கினார்கள் என்று கணக்கு இருந்தால் அடுத்தவர் ஏமாற மாட்டார். சட்டை அழுக்காகும் என்று அஞ்ச வேண்டாம், சோப்பு இருக்கிறது.

கத்தியைத் தீட்டாமல் வெட்டுக்குப் போகிற தொழிலாளி நம்மில் ஒருவரும் இல்லை. அந்தக் கைதான் இரவில் ஐந்து நிமிடம் வண்டியையும் பார்க்க வேண்டும். எண்ணெய் இருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, செயின் சரியா என்று பார்த்துவிட்டுப் படுங்கள். காலையில் ஒரே உதையில் கிளம்புங்கள். மாலையில் முழு உடம்போடு வீடு வந்து சேருங்கள். கூலியைக் கேட்டு வாங்குவது சங்கத்தின் வேலையானால், வாங்கிய கூலியும், வாங்கப் போகிற கையும் வழியில் தொலையாமல் பார்ப்பதும் சங்கத்தின் வேலையே.

வெளியே நிற்கும் வண்டிகளில் எது கிளம்பவில்லையோ அதை இப்போதே மரத்தடிக்குத் தள்ளி வாருங்கள், பிளக் ஸ்பேனர் நம்மிடம் இருக்கிறது.